தட்டில் விழாத கை

எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு தட்டு வார்த்தால் முதலில் அதன் மேல் கையை வைப்போம். உள்ளங்கை முழுவதும் படும்படி வைத்து, பத்து எண்ணி, கையை எடுத்துவிட்டு, மேலே மாட்டியிருக்கும் வெப்பக் கேமராவின் திரையைப் பார்க்க வேண்டும். சூடான இடத்தை மஞ்சளாகவும் வெள்ளையாகவும், குளிர்ந்த இடத்தைக் கருநீலமாகவும் காட்டும் கேமரா அது. வெறும் பிளாஸ்டிக் பிசினால் வார்த்த தட்டு என்றால், கை போன பிறகும் கையின் தடம் திரையில் அப்படியே நிற்கும். ஐந்து விரல், உள்ளங்கை மேடு, மோதிரம் இருந்த இடத்தில் ஒரு கோடு. பிளாஸ்டிக்குக்குச் சூட்டை வாங்கத் தெரியும், கடத்திவிடத் தெரியாது. நல்ல தட்டில் அந்தத் தடம் விரிந்து, மங்கி, நாம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் காணாமல் போய்விடும்.

முறையாக அளவெடுக்கும் இயந்திரம் வேறொரு கட்டடத்தில் இருந்தது. அதற்கு முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். அதனால் கைதான் எங்கள் முதல் இயந்திரம். யாரும் இதை நோட்டில் எழுத மாட்டோம், கட்டுரையில் சொல்ல மாட்டோம். ஆனால் இதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தோம். தட்டைச் செய்தவர் மட்டும்தான் கை வைக்கலாம். ஆளாளுக்குத் தொட்டால் வியர்வையும் எண்ணெயும் ஒட்டி அடுத்த சோதனை கெட்டுவிடும் என்று காரணம் சொல்வோம். உண்மையில் அவரவர் பிள்ளையை அவரவர் தூக்கட்டும் என்கிற மாதிரி ஒரு உரிமைதான்.

கேமரா இருந்த அறை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஜன்னல் கிடையாது, ஏசி எப்போதும் ஓடும். ஆள் எழுந்து போன நாற்காலியில் ஆளின் சூடு உட்கார்ந்திருக்கும். சாய்ந்து நின்றவர் போன பிறகு சுவரில் ஒரு முதுகு நிற்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, திரையில் மட்டும் தெரியும். ஒருமுறை நான் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தபோது மேசை விளிம்பில் நான்கு விரல் தடங்களைப் பார்த்தேன். சற்று முன்பு காபி குடிக்கப் போன தோழியுடையவை என்று புரிவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. விஞ்ஞானம் படித்தால் பயம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது என் மகளைப் பற்றி. அந்த மார்கழியில் அவளுக்கு எட்டு மாதம். அவள் என்னிடம் வரமாட்டாள்.

அம்மாவைக் கண்டால் சிணுங்குகிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், அது வேறு. இவள் நான் தூக்கியவுடன் கட்டையாக விறைப்பாள். மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கண்கள் என் முகத்துக்கு வராமல் என் தோளுக்கு மேலாக எங்கேயோ போய் நிற்கும். பிறகு அலறுவாள். அவள் அப்பாவிடம் தாவுவாள், அவளைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவிடம் தாவுவாள், காஸ் சிலிண்டர் போட வருகிறவரைப் பார்த்துக்கூடச் சிரித்துக் கையை நீட்டுவாள். நான் மட்டும்தான் ஆகாது. எனக்குப் பால் ஐந்தாம் மாதமே நின்றுபோயிருந்தது. ஆறாம் மாதம் லேபுக்குத் திரும்பினேன். அதற்கான தண்டனை இது என்று வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்படி விட்டுவிட்டுப் போய் நான் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். கைபேசியிலும் வண்டி பேட்டரியிலும் சில்லுகள் சூடாகின்றன. அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும், ஆனால் மின்சாரம் கசியக் கூடாது. உலோகம் சூட்டைக் கடத்தும், மின்சாரத்தையும் கடத்திவிடும். பிளாஸ்டிக் இரண்டையும் கடத்தாது. அதனால் பிளாஸ்டிக் பிசினுக்குள் போரான் நைட்ரைடு என்கிற வெள்ளைத் தூளைக் கலக்கிறோம். அதை எரிசாராயத்தில் போட்டு ஒலி அதிர்வால் மணிக்கணக்கில் உரித்தால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாள்களாகப் பிரியும். நானோ தாள்கள் என்பது அவைதான். ஒரு தாளின் நீளவாக்கில் சூடு ஓடும், குறுக்கே நொண்டும். சிக்கல் என்னவென்றால், பிசினில் கலந்து அழுத்தி வார்க்கும்போது தாள்கள் எல்லாம் அடுக்கிய அப்பளம் மாதிரிப் படுத்துவிடும். நமக்குச் சூடு கீழிருந்து மேலே வர வேண்டும், அது பக்கவாட்டில் போய்விடும்.

படுத்துக்கிடப்பவற்றை எழுப்பி நிற்க வைப்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்குப் பனிக்கட்டியைப் பயன்படுத்தினேன். தாள்களைத் தண்ணீரில் கலக்கி, ஒரு செப்புக் கட்டையின் மேல் ஊற்றி, கட்டையின் அடியைத் திரவ நைட்ரஜனில் முக்கினால், பனி கீழிருந்து ஊசி ஊசியாக மேலே வளரும். வளரும்போது தாள்களை ஓரம் தள்ளி நிமிர்த்திவிடும். பிறகு வெற்றிடத்தில் வைத்துப் பனியை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டால், தாள்கள் நின்றபடியே இருக்கும். ஊதினால் உடையும் ஒரு வெள்ளை எலும்புக்கூடு. அதற்குள் பிசினை ஊற்றி இறுக வைத்தால் தட்டு. காலை முழுவதும் என் மேசையைச் சுற்றி வெள்ளைப் புகை தரையோடு தவழும். தடித்த கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போகும். குளிரில் வேலை செய்தால் யாருக்கும் மரக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தூளுக்கு ஒரு குணம் உண்டு. முகப்பவுடரைவிட வழவழப்பானது, தொட்டால் தொட்ட மாதிரியே இருக்காது. எவ்வளவு கழுவினாலும் போனதா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. குழந்தையின் மூச்சில் போய்விடுமோ என்று எனக்குப் பெரிய பயம். லேபை விட்டுக் கிளம்பும் முன் முழங்கை வரை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். அடையாற்றிலிருந்து ஸ்கூட்டரில் பாலம் தாண்டி, கிரீன்வேஸ் சாலை வழியாக மந்தைவெளி வந்து, மயிலாப்பூர் வீட்டுக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசாமல் குழாயடிக்குப் போவேன். மார்கழி மாதத்து மேல்தொட்டித் தண்ணீர். சோப்புப் போட்டு ஒருமுறை, மறுபடி ஒருமுறை, நிம்மதி வராமல் மூன்றாவது முறை. அதன் பிறகுதான் குழந்தையைத் தொடுவேன். அந்த அக்கறை எல்லாம் எங்கே போய் முடிந்தது என்று இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

குழந்தையைப் பார்த்துக்கொண்ட அக்கா நொச்சிக்குப்பத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பு மீன் விற்றவர், முழங்கால் வலி வந்த பிறகு கூடையை விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு வந்தவர். எதையும் பளிச்சென்று சொல்கிற அவர் ஒரு மாதமாக என்னிடம் எதையோ மென்று முழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு மாலை குழந்தை வழக்கம்போல என் தோளுக்கு மேலே பார்த்து அலறியபோது, அவளை வாங்கி மார்பில் அணைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கோச்சுக்காதமா. பாப்பா உன்ன பாக்கல. உன் பின்னாடி இன்னாவோ நிக்கிது. அத்த பாத்துக்கினு கீது."

எனக்குப் பின்னால் இருந்தது குளியலறைக் கதவு. அதில் என் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு பல நாள் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கணம் தயங்கினேன்.

மறுநாள் அவர் சர்ச்சிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் கொண்டுவந்து குழந்தையின் நெற்றியில் தடவினார். போகிற போக்கில் என் நெற்றியிலும் தடவினார். வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் எடுத்து எங்கள் இருவரையும் சுற்றிப் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நெடி வராவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது என்று அர்த்தமாம். பயமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். பயத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது.

என் கணவருக்குத் தி.நகரில் அவருடைய பெரியப்பாவின் ஜவுளிக்கடையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பேய், காற்று என்று யாராவது பேசினால் நக்கலாக ஏதாவது சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர். அக்கா சொன்னதைச் சொன்னதும், அந்த அக்காவுக்கு வாரத்தில் இரண்டு நாள் லீவு வேண்டுமாயிருக்கும் என்றார். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். இப்போதெல்லாம் நான் குழந்தையைத் தூக்கியவுடன், அவள் அழ ஆரம்பிக்கும் முன்பே, அவர் எழுந்து வந்து கையை நீட்டிவிடுவார். விளிம்பில் இருக்கும் பாத்திரம் விழுவதற்கு முன் பிடிக்கிற மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கொஞ்ச நாளைக்கு நீ தூக்காம இரேன். அவளாவே வருவா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் உள்ளே போய்த் தாளிட்டுக்கொண்டு அழுதேன்.

அதே நாள்களில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் கட்டடத்து வாசலில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் இயந்திரம் என் விரலை ஏற்க மறுத்தது. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், இடது, வலது, எதை வைத்தாலும் மறுபடி முயலச் சொல்லும். எனக்குப் பின்னால் வருகிறவர் வைத்தால் உடனே பச்சை விளக்கு எரியும். காவலாளி அலுத்துப்போய் ஒரு பழைய நோட்டைத் தந்து கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார். வீட்டில் குழந்தைக்கு நான் இல்லை, வேலையில் இயந்திரத்துக்கு நான் இல்லை. இதை வேடிக்கையாகத் தோழியிடம் சொல்ல நினைத்து வாயெடுத்தேன், சொல்லும்போது வேடிக்கையாக வரவில்லை.

ஆறுதலாக இருந்தவை தட்டுகள்தான். கார்த்திகையில் வார்த்த தட்டில் என் கைத்தடம் சற்று மங்கலாக விழுந்தது. அடுத்ததில் இன்னும் மங்கல். அதற்கடுத்ததில் விரல்கள் இருந்த இடம் லேசான ஊதாவாகத் தெரிந்து உடனே போய்விட்டது. நான் பனியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருந்தேன், தாள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கின்றன என்று நம்பினோம். கைடு, அதாவது என் ஆராய்ச்சியை வழிநடத்திய பேராசிரியர், வாராந்தரக் கூட்டத்தில் என் பெயரை முதலில் சொல்ல ஆரம்பித்தார்.

மார்கழி பாதி தாண்டிய ஒரு காலையில் புதிய தட்டை அச்சிலிருந்து எடுத்தேன். செப்புக் கட்டையோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி முடித்திருந்தேன். அறையில் யாரும் இல்லை. கையை வைத்தேன், பத்து எண்ணினேன், எடுத்தேன். திரையில் தட்டு கருநீலமாக இருந்தது. விரல்கள் இல்லை, மோதிரக் கோடு இல்லை. உள்ளங்கை இருந்த இடத்தில் மட்டும் கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல ஒரு வெளுப்பு வந்து அழிந்தது. மறுபடி வைத்து இருபது எண்ணினேன். ஒன்றும் இல்லை. நான் அந்தத் தட்டைத் தொடவே இல்லை என்று திரை சொன்னது.

சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். எனக்கோ பிடரி மயிர் சிலிர்த்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அக்கா சொன்னதெல்லாம் உண்மை, இங்கே நிற்பது நான் இல்லை என்று தோன்றியது. பிறகு படிப்பு வந்து மூளையைப் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்த் தோழியைக் கூப்பிட்டேன். என்னோடு ஒரே வருடத்தில் சேர்ந்தவள், மயிலாப்பூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் வீட்டுப் பெண். வந்து பார்த்தாள், இன்னொரு தரம் வைக்கச் சொன்னாள், வைத்தேன். திரையைப் படமெடுத்து எங்கள் குழுவுக்கு அனுப்பினாள். கைடு இறங்கி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு முறை என்னைக் கை வைக்கச் சொல்லிப் பார்த்தார். அவரும் தொடவில்லை, தோழியும் தொடவில்லை. சட்டம் சட்டம்தானே. பக்கத்து அலமாரியில் ஒப்பிடுவதற்கென்றே ஒரு வெறும் பிசின் தட்டு கிடந்தது. அதில் அன்றைக்கு என் கையை வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று பாதாம் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல மூன்று முறை கை கழுவினேன். குழந்தை தரையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒரு டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. மெல்லக் குனிந்து, சட்டை விலகியிருந்த அவள் முதுகில் கையை வைத்தேன். தேள் கொட்டியது போலத் துள்ளி, முன்பக்கமாக விழுந்து, நீலம் பாரிக்க அழுதாள். என்னைப் பார்க்கவே இல்லை, அப்படியும் அழுதாள். என் முகம் இல்லை, என் பின்னால் நிற்பது எதுவும் இல்லை என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும்போது சூடு எதிலிருந்து எதற்குப் போகிறது என்பதைத்தான் நான்கு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். விளங்கவில்லை. அல்வாவைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

கைடு யாரிடமோ பேசி, ஒரே வாரத்தில் அளவெடுக்கும் இயந்திரத்தில் எங்களுக்கு முறை வாங்கிக் கொடுத்தார். முடிவு வந்தது. வெறும் பிசினைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். தூளை அப்படியே அள்ளிப் போட்டிருந்தாலும் அந்த எண் வந்திருக்கும். இயந்திரத்தில்தான் கோளாறு என்று கைடு சத்தம் போட்டார். திரும்ப அளந்தார்கள், அதே எண் வந்தது. தட்டு மாறிப்போயிருக்கும் என்றார் அடுத்ததாக. தட்டின் மூலையில் என் கையெழுத்து இருந்தது.

கேமரா அறைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தோம். நானும் தோழியும் மட்டும்தான். நான் கையை வைத்தேன், திரையில் ஒன்றும் இல்லை. பார்த்தாயா என்றேன். அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, முதல் முறையாக, இன்னொருத்தியின் தட்டில் தன் கையை வைத்தாள்.

பத்து எண்ணி எடுத்தாள். திரையில் ஐந்து விரல்களோடு ஒரு கை மஞ்சளாக எரிந்தது. மங்கவில்லை. அவள் கைகள் இரண்டும் இடுப்பில் இருந்தன, அவள் கை தட்டிலும் இருந்தது. அவள் அலமாரியிலிருந்து வெறும் பிசின் தட்டை எடுத்து வந்தாள். அவள் வைத்தாள், தடம் விழுந்தது. நான் வைத்தேன், விழவில்லை. எந்தத் தாளும் கலக்காத வெறும் பிளாஸ்டிக், யார் தொட்டாலும் ஒரு நிமிடம் நினைவில் வைத்துக்கொள்ளும் தட்டு, என்னை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் கேமராவைத் திருகிக் கழற்றி மெல்ல என் பக்கம் திருப்பினாள்.

முகம் வெள்ளையாகத் தெரிந்தது. கழுத்து, தோள், முழங்கை எல்லாம் பளிச்சென்று மஞ்சள். மணிக்கட்டில் ஊதா தொடங்கியது. அதற்கு மேல் சுவர்தான் இருந்தது. நான் விரல்களை விரித்தேன், மடக்கினேன். சுவரின் நீலத்துக்கும் என் விரல்களின் நீலத்துக்கும் வித்தியாசமே இல்லை. கையை உயர்த்திக்கொண்டு ஒரு பெண் நின்றாள், அவளுக்கு விரல்களே இல்லை.

"உன் கை எங்கடி?" என்றாள் தோழி.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்திருப்பாள், குரல் நடுவிலேயே மாறிவிட்டது. எட்டி என் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் உதறினாள். என் மகள் துள்ளிய அதே துள்ளல். மறுபடி பிடித்தாள், இந்த முறை இரண்டு கைகளாலும். எனக்கு அவள் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, விரல் நுனிக்குத் தெரியவில்லை. கையை விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். ஆள்காட்டிவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை மெழுகு வெள்ளை. கையுறைக்குள்ளேயே வாழ்ந்த கையை நான் எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

உண்மைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மங்கிக்கொண்டே வந்த தடங்கள் தட்டின் முன்னேற்றம் இல்லை, என் ரத்தம் பின்வாங்கிய கணக்கு. நாங்கள் கைதட்டிக் கொண்டாடியது ஒரு நோயை.

மருத்துவர் என் நகத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். குளிர் பட்டால் விரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்கின்றன என்றார். சிலருக்கு அது வெறும் தொந்தரவோடு போய்விடும். எனக்கு அப்படி இல்லை, உடம்பைக் காக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்தத் தோலையும் குழாய்களையும் எதிரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, நுனித்தோல் இறுகி ரேகையும் மழுங்கத் தொடங்கிவிட்டது என்றார். மாத்திரையால் பிடித்து வைக்கலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. விரல் நுனிகளைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. நைட்ரஜன் பக்கம் போகக் கூடாது, குளிர்ந்த தண்ணீர் கூடாது, ஏசிக்கு நேரே உட்காரக் கூடாது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமா தூக்குங்க. உங்களால அவளுக்கு ஒண்ணும் வராது" என்றார்.

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது, ஆட்டோவில் வரும் வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இத்தனை மாதமாக நாங்கள் குழந்தையை மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறோம், ஒருவர் கையை ஒருவர் தொட்டதில்லை. பெட்டி பெட்டியாக ஐஸில் கைவிட்டு மீன் எடுத்த அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

"அப்ப பின்னாடி ஒண்ணும் இல்லியாமா?" என்றார். கையைக் கன்னத்திலிருந்து இறக்கிவிட்டு, "நீதானா அது" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். என் வீட்டுக்குள் ஒன்று நுழைந்து என் குழந்தையைத் தினமும் பயமுறுத்திக்கொண்டிருந்தது. தோளில் பையோடு, சோப்பு மணத்தோடு, மாலை ஆறரைக்கு. அதற்கு எண்ணெய் தடவி, மிளகாய் சுற்றி, வாசலில் நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள்.

காரணம் தெரிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தி.நகரில் கம்பளிக் கையுறை தேடிப் போனேன். கடைக்காரர் ஊட்டிக்கா என்று கேட்டார், மயிலாப்பூருக்கு என்றேன். லேப் வேலையில் குளிர் தொடர்பானதைத் தோழி ஏற்றுக்கொண்டாள். குழுவுக்கு அனுப்பிய படத்தை அவளே நீக்கினாள், கைடு இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நான் வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, விரல்கள் சிவக்கும் வரை காத்திருந்து, பிறகு குழந்தையைத் தூக்கினேன். அவள் விறைத்தாள், தோளுக்கு மேலே பார்த்தாள், அலறினாள். சூடான கையை அவள் சோதித்துப் பார்க்கவே இல்லை. நான் வந்தால் என்ன வரும் என்பதை அவள் எப்போதோ கற்று முடித்திருந்தாள். தை மாதம் முழுக்க இப்படியே போயிற்று. நான் அவளைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன்.

மாசியில் ஒரு மத்தியானம். அக்கா உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார், கணவர் கடையில் இருந்தார். குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அழுகை. மேல் ஈறு தடித்துச் சிவந்து, வாயோரம் எச்சில் ஒழுக, எதைக் கொடுத்தாலும் வீசினாள். ரப்பர் வளையத்தை வீசினாள், ரஸ்க்கை வீசினாள், அப்பாவின் குரலை போனில் போட்டுக் காட்டினால் போனைத் தட்டிவிட்டாள். பால் பாட்டில்களைக் கழுவ வேறு ஆள் இல்லை. அவசரத்தில் கையுறையைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, வந்து அவளிடமிருந்து இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். கிட்டே போகத் தைரியம் இல்லை. வலது கையில் நான்கு விரல்கள் வெளுத்துக்கிடந்தன. அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நானும் அழுதுகொண்டிருந்தேன்.

அவள் தவழ்ந்து வந்தாள். பிடிமானத்துக்குத் தரையில் இருந்த என் கையின் மேல் கையை ஊன்றினாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள். அழுகையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள். மெல்ல ஆள்காட்டிவிரலை மட்டும் பிடித்துத் தூக்கி, வாய்க்குள் திணித்து, தடித்த ஈறால் அழுத்திக் கடித்தாள்.

வீடு அமைதியானது. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, அந்தக் குளிர்ந்த விரலைக் கடித்துக்கொண்டே இருந்தாள். அவள் கடிப்பதை நான் பார்த்தேன், எனக்கு உறைக்கவில்லை. வேறு யாருடைய விரலோ என் மகளின் வாயில் இருந்தது. வெகுநேரம் கழித்து நகத்தடியில் நீலம் பாய்ந்தது, பிறகு சிவப்பு. ரத்தம் திரும்பி வரும்போது ஊசி ஊசியாக வலிக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், சொன்னதைவிட வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை அசைக்காமல் வைத்திருந்தேன். அந்த வலிக்கு நடுவில்தான் அவள் நாக்கின் சூடு எனக்குத் தெரிந்தது.

விரல் சூடானதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைத் துப்பிவிட்டு, என் மடியில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து விரலைப் பிடித்து இழுத்தாள்.